காய்ச்சல் திரும்பும் கணக்கு

புலம்பெயர்ந்து வந்த நாடுகளில் இரத்ததானம் செய்யப் போகிற எங்களிற் பலரை ஒரு கேள்வி மறித்து நிறுத்துகிறது. உங்களுக்கு எப்போதாவது மலேரியா வந்ததுண்டா? 'ஆம்' என்று அடையாளமிட்டால் பல இடங்களில் அத்துடன் கதை முடிந்தது; நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படிவத்தை நீட்டுகிற தாதிக்கு அது ஒரு சிறு கட்டம். எங்களுக்கோ அது எந்த வருஷம், எந்த ஊர், யாருடைய வீட்டுத் திண்ணை என்று விரிந்துகொண்டே போகும். மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கும் நடுக்கம், வீட்டிலுள்ள போர்வைகளையும் சாக்குகளையும் எடுத்துப் போட்டாலும் அடங்காத குளிர், பிறகு காந்துகிற காய்ச்சல், பிறகு உடம்பை நனைக்கிற வியர்வை. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போன்ற ஓய்வு. மூன்றாம் நாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் நடுக்கம்.

மலேரியா முறை வைத்து வருகிற நோய். உடம்புக்குள் அதன் முறை இரண்டு நாளுக்கு ஒன்று. விவாக்ஸ் என்ற வகை ஒட்டுண்ணி ஈரலுக்குள் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் வருஷங்கள் கழித்தும் எழும்பும். ஆனால் இந்த நோய்க்கு உடம்புக்கு வெளியிலும் ஒரு முறை உண்டு. ஊர்கள், மாவட்டங்கள், நாடுகள் என்ற அளவிலும் அது போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. பஞ்சாப்பில் பெருங்காய்ச்சல் ஏறத்தாழ எட்டாண்டுக்கு ஒருமுறை வந்தது. இலங்கையின் தென்மேற்கில் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்தது. டெங்கு பாங்கொக்கில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருகியது. ஏன் இந்தக் கால இடைவெளி? நூறாண்டுகளுக்கு மேலாக வைத்தியர்களும் கணிதக்காரரும் இந்தக் கேள்விக்குச் சமன்பாடுகளால் விடை தேடி வந்திருக்கிறார்கள். அந்தத் தேடலின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. அந்த வரலாற்றில் எங்கள் தீவுக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது, ஏனெனில் அது இறந்தவர்களின் எண்ணிக்கையால் கிடைத்த இடம்.

1

ரொனால்ட் றொஸ் என்ற பெயரை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். 1897 ஓகஸ்ட் 20ம் திகதி செகந்திராபாத்தில், ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டவர். 1902ல் அதற்காக நோபல் பரிசு பெற்றவர். பாடப்புத்தகம் அவரை அத்துடன் விட்டுவிடுகிறது. ஆனால் அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் செலவிட்ட உழைப்பெல்லாம் நுளம்பைப் பற்றியதல்ல, கணக்கைப் பற்றியது.

அவரைக் கணக்கின் பக்கம் தள்ளியது ஒரு வாதம். நுளம்பு பெருகும் நீர்நிலைகளை ஒழித்தால் மலேரியா குறையும் என்றார் றொஸ். எதிராளிகள் சிரித்தார்கள். ஒரு ஊரிலுள்ள நுளம்பையெல்லாம் கொல்ல முடியுமா? கொன்றாலும் பக்கத்து ஊரிலிருந்து பறந்து வராதா? லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் படைமுகாமில் பல வருஷம் நடந்த நுளம்பு ஒழிப்புப் பரிசோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பது அவர்களுக்கு நல்ல ஆயுதமாகிவிட்டது. ஒரு நுளம்பு மிஞ்சினாலும் நோய் மிஞ்சும் என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி.

1907ல் றொஸ் மொரிசியஸ் தீவுக்கு அழைக்கப்பட்டார். எங்கள் முன்னோரிற் பலரும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே தீவு. 1860களின் நடுப்பகுதி வரை அங்கு மலேரியா இருக்கவில்லை. பிறகு வந்தது, 1867ல் பெருங்கொள்ளையாகப் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது. றொஸ் அங்கே கண்டது ஒரு புதிர். நுளம்பு நிறைய இருக்கும் சில இடங்களில் நோய் குறைவாக இருந்தது. அதற்கு விடையாக, 1908ல் வெளியான தம் அறிக்கையில் அவர் சாதாரணப் பெருக்கற் கணக்கு ஒன்றைப் போட்டார். ஊரில் இத்தனை பேர். அவர்களில் இத்தனை பேருக்கு நோய். நுளம்புகளில் மனிதரைக் கடிக்க வாய்ப்புப் பெறுவது சிலவே. கடித்தவற்றிலும் நோயாளியைக் கடித்தது சில. அவற்றிலும் ஒட்டுண்ணி முதிரும்வரை உயிரோடிருப்பது சில. இருந்தவற்றிலும் மறுபடி ஒரு மனிதரைக் கடிப்பது சில. சிலவற்றில் சில, அதிலும் சில. இந்தச் சங்கிலியைப் பெருக்கிப் பார்த்தபோது, ஆளுக்குச் சுமார் நாற்பது நுளம்பு என்ற அளவுக்குக் கீழே போனால் நோய் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் தேய்ந்து மறையும் என்று அவருக்குத் தெரிந்தது.

நாற்பது என்ற எண் முக்கியமல்ல. அது இடத்துக்கு இடம் மாறும். ஒரு வரம்பு இருக்கிறது என்பதே முக்கியம். அந்த வரம்புக்கு மேலே நோய் நிலைக்கும், கீழே அழியும். எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்லை. 1910ல் வெளியான மலேரியாத் தடுப்பு பற்றிய தம் நூலிலும் அதன் அடுத்த பதிப்பிலும் இந்தக் கணக்கை அவர் விரித்தார். கொள்ளை நோய்களின் பொது விதிகளை நிறுவியதே தம் முதன்மையான பணி என்றுகூட அவர் கருதினார். அவர் காலத்து வைத்தியர்கள் அந்தச் சமன்பாடுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2

றொஸ்ஸின் கணக்கு ஒரு சமநிலையைச் சொன்னது. நோய் இவ்வளவில் நிற்கும், அல்லது அழியும். ஆனால் ஏன் ஏறி இறங்குகிறது? அதற்கு விடை தேடியவர்கள் முதலில் மழையைப் பார்த்தார்கள். அது இயல்பு.

1908 இலையுதிர் காலத்தில் பஞ்சாப்பில் இரண்டு மாதங்களில் மூன்று லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் இறந்தார்கள். புகையிரத ஊழியர்கள் படுத்துவிட்டதால் வண்டிகள் ஓடவில்லை. இதை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்ற படை வைத்தியர் 1911ல் வெளியிட்ட அறிக்கையில், அதிக மழையும் வெள்ளமும் வந்த வருஷங்களைக் காய்ச்சல் வருஷங்களோடு பொருத்திக் காட்டினார். அதோடு அவர் நிற்கவில்லை. தானிய விலையையும் பக்கத்தில் வைத்தார். மழையும் வெள்ளமும் மட்டும் வந்த வருஷத்தைவிட, விலையேற்றமும் பஞ்சமும் சேர்ந்து வந்த வருஷத்தில் சாவு மிகுந்திருந்தது. காய்ச்சல் வயிற்றைப் பார்த்து வருகிறது என்பதை ஒரு ஆங்கிலேய அதிகாரி அரசாங்க அறிக்கையிலேயே எழுதவேண்டி வந்தது.

மழையும் பசியும் போதாது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பெருங்காய்ச்சல் வந்து போன வருஷத்துக்கு அடுத்த வருஷம் எவ்வளவு மழை பெய்தாலும் அதே அளவு காய்ச்சல் வருவதில்லை. காரணம் பிள்ளைகளின் விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. மலேரியா வந்துபோன பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நூறு பேரில் எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணினார்கள். கொள்ளை வந்த அடுத்த வருஷம் அந்த எண் உயர்ந்திருக்கும். பிறகு வருஷத்துக்கு வருஷம் தாழும். தாழ்ந்து தாழ்ந்து, காய்ச்சலைக் கண்டறியாத பிள்ளைகள் ஊர் நிறைய இருக்கும்போது ஒரு பெருமழை வந்தால் போதும்.

கில் என்ற இன்னொரு அதிகாரி இதைக் கொண்டு பஞ்சாப்பில் ஒரு எதிர்வுகூறல் முறையையே அமைத்தார். ஆடி ஆவணி மழை, வெள்ளம், பிள்ளைகளின் மண்ணீரல் வீதம், தானிய விலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இந்த இலையுதிர் காலத்தில் எந்த மாவட்டத்தில் காய்ச்சல் பெருகும் என்று 1920களில் முன்கூட்டியே அறிவித்தார்கள். பிறகு 1940களில் யாக்கோப், சுவரூப் என்ற இருவர் நீண்டகால இறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, ஏறத்தாழ எட்டாண்டு இடைவெளி ஒன்று அதில் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள்.

இதே காலத்தில் எடின்பரோவில் இரண்டு பேர் இதன் கணித எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மக்கென்றிக், றொஸ்ஸோடு சியராலியோனுக்குப் போனவர், இந்தியாவில் கசௌலி ஆய்வுநிலையத்தில் பணியாற்றியவர். மற்றவர் கேர்மக், 1924ல் ஆய்வுகூட விபத்தொன்றில் இரண்டு கண்களையும் இழந்தவர், அதன் பிறகும் கணக்கை விடாதவர். 1927ல் வெளியான அவர்களின் கட்டுரை மக்களை மூன்று ஏடுகளில் எழுதியது: நோய் வரக்கூடியவர்கள், நோயோடிருப்பவர்கள், நோய் வந்து போனவர்கள். முதல் ஏட்டிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் பெயர்கள் நகர்கின்றன. தம் சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்தது 1905-06ல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்தப் பதிவு.

அவர்கள் கண்ட உண்மை எளியது. ஆனால் அதுவரை ஒருவரும் தெளிவாகச் சொல்லாதது. கொள்ளைநோய் அடங்குவது எல்லோருக்கும் வந்து முடிந்ததால் அல்ல. கிருமி களைத்துப்போனதாலும் அல்ல. நோய் வரக்கூடியவர்களின் தொகை ஒரு வரம்புக்குக் கீழே போனதால் அடங்குகிறது. ஓலை தீர்ந்ததால் அணைகிற நெருப்பைப் போல. எரியாத ஓலை அங்குமிங்கும் கிடக்கும். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ முடியாத தூரத்தில் கிடக்கும்.

இப்போது நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் சில்லு சுழலத் தொடங்கும். பிள்ளைகள் பிறக்கிறார்கள். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது எங்களூர்ப் பழமொழி. குருத்தோலைக்கு நெருப்புத் தெரியாது. வருஷத்துக்கு வருஷம் முதலாவது ஏடு நிரம்புகிறது. வரம்பைத் தாண்டும்போது மறுபடி பற்றுகிறது. 1929ல் சோப்பர் என்பவர் சின்னமுத்துக் காய்ச்சலுக்கு இந்தக் கணக்கைப் போட்டார். வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமலே, நோய் தன் சொந்தத் தாளத்தில் ஏறி இறங்கும் என்று தெரிந்தது. ஆனால் அவருடைய அலை, தள்ளாமல் விட்ட ஊஞ்சலைப் போல, மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஊஞ்சல் ஓயாமலிருக்க வருஷந்தோறும் யாரோ ஒரு தள்ளுத் தள்ளவேண்டும். அந்தத் தள்ளு மழையும் வெப்பமும் பள்ளிக்கூடத் தவணையும்தான் என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள். ஊஞ்சலின் நேரம் ஊஞ்சலுக்குச் சொந்தம். தள்ளுகிற கை காலநிலையுடையது.

3

இந்தக் கணக்கெல்லாம் தாளில் இருந்த காலத்தில்தான் இலங்கையில் 1934 வந்தது.

மழை பெய்தால் மலேரியா என்பது பஞ்சாப்புக்கும், எங்கள் வன்னிக்கும், உலர்வலயத்தின் மற்றைய பகுதிகளுக்கும் பொருந்தும். இலங்கையின் ஈரவலயத்தில் அது தலைகீழ். அங்கே நோயைப் பரப்பிய அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு, வெயில் படுகிற தெளிந்த தேங்குநீரில் முட்டையிடுவது. வழமையான வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை ஆறுகளை நிரப்பி, முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். 1934ல் அந்த மழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டமிழந்து, மணலில் கோர்த்த குட்டைகளாகிக் கிடந்தன. ஒவ்வொரு குட்டையும் ஒரு நுளம்புப் பண்ணை.

அந்த ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு மலேரியா வருஷா வருஷம் கண்ட நோயல்ல. முதலாவது ஏடு நிரம்பியிருந்தது. அதன் மேல் உலகப் பொருளாதார மந்தம். இறப்பருக்கும் தேங்காய்க்கும் விலையில்லை. கமக்காரன் வீட்டு அடுப்பில் நெருப்பில்லை. கிறிஸ்டோபர்ஸ் பஞ்சாப்பில் கண்ட மூன்றும் சேர்ந்து வந்தன. 1934 ஒக்டோபர் தொடக்கம் 1935 ஏப்ரல் வரையான ஏழு மாதங்களில், ஐம்பத்தைந்து லட்சம் அளவிலான மக்கள்தொகையில், சுமார் 80,000 பேர் இறந்தனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. காலங்காலமாகக் காய்ச்சலோடு வாழ்ந்த உலர்வலய மக்கள் ஒப்பீட்டளவில் தப்பினார்கள். அவர்கள் அந்தப் பாதுகாப்புக்கு முன்பணமாகத் தம் பிள்ளைகளை ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். வருஷம் சிலராக, எந்த அறிக்கையிலும் பெருங்கொள்ளை என்று பெயர் பெறாமல்.

அரசாங்கம் வரவழைத்து ஆராயச் சொன்னது பஞ்சாப்பில் எதிர்வுகூறல் நடத்திய அதே கில்லைத்தான். அவர் அறிக்கை எழுதினார். சுகாதாரப் பணிப்பாளர் பிறையர்கிளிஃப் அறிக்கை எழுதினார். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலங்கையில் காய்ச்சல் பெருகி வந்திருக்கிறது என்பது ஆவணங்களில் இருந்தது. 1934ல் வந்தது அந்த வரிசையில் அடுத்த அலை. மழை பொய்த்ததால் மலையளவு உயர்ந்த அலை. கொய்னாவும் பருப்பும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் போனவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள்: எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலானோர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு அந்தக் கிராமங்களில் அவர்கள் கண்டதும் ஒரு காரணம். எங்கள் தலைமுறை அந்தக் கட்சியோடு எவ்வளவோ கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தாலும், அது தொடங்கிய இடம் ஒரு காய்ச்சற் பாயருகில் என்பதை மறுக்க முடியாது.

பிற்காலத்தில் இன்னொரு சில்லும் கண்டுபிடிக்கப்பட்டது. பசுபிக் சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடாகிற எல் நினோ வருஷங்களில், பூச்சிகொல்லி வருவதற்கு முந்திய இலங்கையில் மலேரியாக் கொள்ளை வரும் வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது என்று 1996ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பஞ்சாப்பில் அதற்கு அடுத்த வருஷம் ஐந்து மடங்கு. தீவின் ஒரு மூலையிலுள்ள குட்டையின் தலைவிதியை உலகத்தின் மறுபாதியிலுள்ள கடல் எழுதியிருக்கிறது.

4

றொஸ்ஸின் கணக்கை மறதியிலிருந்து எடுத்துத் தூசுதட்டியவர் ஜோர்ஜ் மக்டொனால்ட். 1950களில் அவர் எழுதியவற்றில் எங்களுக்கு மிக உதவியது நுளம்பின் ஆயுளைப் பற்றிய ஒரு கணக்கு. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே மற்றவருக்கு நோய் கொடுக்க முடியாது. ஒட்டுண்ணி அதன் உடலில் முதிரப் பத்து நாள் அளவில் வேண்டும். நாளொன்றுக்கு நூறில் பத்து நுளம்பு சாகுமானால், பத்தாம் நாள் முடிவில் முப்பத்தைந்து மிஞ்சும். நூறில் இருபது சாகுமானால் பத்துப் பதினொன்றுதான் மிஞ்சும். பாதி சாகுமானால் ஆயிரத்தில் ஒன்றே மிஞ்சும். ஆகவே நுளம்பின் தொகையைப் பாதியாக்கினால் நோய் பாதியாகலாம். ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலோ நோய் பல மடங்கு குறையும்.

வீட்டுச் சுவரில் டி.டி.ரி. அடிப்பதன் தத்துவம் இதுதான். கடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் நுளம்பு, பத்து நாள் வாழாமல் சாகவேண்டும். முதுகில் மருந்துத் தாங்கியோடு எங்கள் வீடுகளுக்குள் நுழைந்து, சாமிப்படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுவரெல்லாம் விசிறிப் போனவர்களை நினைவிருப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அவர்களின் முதுகில் இருந்தது மக்டொனால்டின் அடுக்குக்குறிக் கணக்கு.

அது பலித்தது. 1946ல் இலங்கையில் இருபத்தேழு இருபத்தெட்டு லட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை, 1963ல் பதினேழு பேராகச் சுருங்கியது. பதினேழு லட்சமல்ல, பதினேழு பேர்.

அங்கேதான் மூன்றாவது சில்லு சுழன்றது. எந்தச் சமன்பாட்டிலும் எழுதப்படாத சில்லு. நோயில்லை, பிறகெதற்கு மருந்தும் பணமும் என்று 1964ல் தெளிப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரரின் இரத்தத்தைத் தேடித்தேடிச் சோதிப்பதும் தளர்ந்தது. இதற்கிடையில் நுளம்பு போய்விடவில்லை. ஒட்டுண்ணியும் முற்றாகப் போகவில்லை. காய்ச்சலைக் கண்டறியாத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். எலஹெரப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டப் பல இடங்களிலிருந்தும் சனம் போய் வந்தது. 1967ல் மழை பொய்த்தது. 1969ல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. பிறகு நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிவிட்டது, 1977ல் மலத்தியனுக்கு மாறவேண்டி வந்தது, 1987ல் மறுபடியும் ஆறு லட்சத்தைத் தாண்டியது.

முதற் சில்லு வானத்தில், மழையிலும் வெப்பத்திலும் சுழல்கிறது. இரண்டாவது எங்கள் இரத்தத்தில், எதிர்ப்பைப் பெறுவதிலும் இழப்பதிலும் சுழல்கிறது. மூன்றாவது கந்தோர்களில் சுழல்கிறது. பயந்து பணம் ஒதுக்கி, வென்று, மறந்து, மறுபடி பயப்படுவதில். முதலாவதை மாற்ற எங்களால் முடியாது. இரண்டாவதை அளக்க முடியும். மூன்றாவது ஒன்றுதான் முழுக்க மனிதர் கையிலுள்ளது. அதைத்தான் நாங்கள் மிகக் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பது எங்கள் எண்ணம்.

5

கணிதக்காரரின் ஏடுகளில் இல்லாத இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அவர்களின் சமன்பாட்டில் மக்கள் பிறக்கிறார்கள், நோயுறுகிறார்கள், தேறுகிறார்கள், இறக்கிறார்கள். நடக்கமாட்டார்கள்.

1995 ஒக்டோபர் 30ம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் தென்மராட்சி வழியாக வன்னிக்குப் போனார்கள். குடாநாட்டில் மலேரியா அதிகம் அறியாதவர்கள், மலேரியா குடியிருந்த காட்டோரங்களுக்குப் போனார்கள். முதலாவது ஏடு பிறப்பால் மெல்ல நிரம்பவில்லை; ஒரே மாரியில் நிரம்பியது. சுவரில் மருந்தடிப்பதென்றால் சுவர் வேண்டும். மரத்தடியிலும் தறப்பாளின் கீழும் படுத்தவர்களுக்கு எந்தச் சுவர்? மக்டொனால்டின் நுளம்பு ஓய்வெடுக்கவும் சாகவும் அங்கே இடமிருக்கவில்லை. 1999ல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 264,549 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் போர் நடந்த வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். அந்த எண்ணுக்குள் எங்களிற் பலரின் தாயும் சகோதரரும் இருக்கிறார்கள்.

ஆனாலும் இந்த வரலாறு முழு இருளல்ல. மலேரியா தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் இரு தரப்பினதும் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் போய்வர முடிந்தது. சுவர் இல்லாதவர்களுக்கு மருந்து தோய்த்த நுளம்புவலைகள் போயின. நடமாடும் சோதனைக் குழுக்கள் முகாம்களில் இரத்தம் எடுத்தன. குண்டும் ஷெல்லும் எல்லையை மதிக்காத காலத்தில், கண்ணாடித் தட்டில் தடவிய இரத்தத் துளி எல்லையைத் தாண்டிப் போய் வந்தது. 2012 ஒக்டோபரில் நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. மூன்று தசாப்தப் போரில் இரு பக்கமும் சேர்ந்து செய்த மிகச் சில நல்ல காரியங்களில் இது ஒன்று.

அந்த இடத்தை இப்போது பிடித்திருப்பது டெங்கு. அதன் நுளம்பு வேறு. வாழ்வது வீட்டுத் தொட்டியிலும் ரயரிலும் சிரட்டையிலும். அதன் கணக்கும் சற்றே வேறு. டெங்கு வைரஸில் நான்கு வகையுண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நீண்டகால எதிர்ப்புக் கிடைக்கும். மற்ற வகைகளுக்குச் சில மாதங்களே. அதன் பிறகு வேறொரு வகை வந்தால், பழைய எதிர்ப்பே புதிய வைரஸுக்கு வழிகாட்டியாகி நோயைக் கடுமையாக்கவும் கூடும். உடம்பின் நினைவு காப்பதுமுண்டு, தவறான ஆளை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடுவதுமுண்டு. இந்த நால்வரின் முறைமாற்றமும் சேர்ந்தே டெங்குவின் அலைகளை உண்டாக்குகிறது. தாய்லாந்தின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மூன்றாண்டுக்கொருமுறை பாங்கொக்கிலிருந்து கிளம்பும் அலை மாதத்துக்கு 148 கிலோமீற்றர் வேகத்தில் நாடெங்கும் பரவுவதை 2004ல் காட்டினார்கள். இலங்கையில் 2017ல், பல வருஷங்களாக அடங்கிக் கிடந்த இரண்டாம் வகை திரும்பியபோது, 186,101 பேருக்கு நோய் வந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டாம் வகையை அறியாத பிள்ளைகள் ஏட்டில் நிரம்பியிருந்தார்கள்.

6

மலேரியா இனி வராது என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. கியூலிசிஃபேசிஸ் இன்றும் ஆற்றங்குட்டைகளில் முட்டையிடுகிறது. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீஃபென்சி என்ற நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதாக 2017ல் அறிவிக்கப்பட்டது. 2012க்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கும் இந்த நோயின் நினைவு உடம்பில் இல்லை. அது நல்ல செய்தி. ஆனால் 1967லும் அப்படித்தான் இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் சந்தேகத்தோடு பார்க்கிற வைத்தியரும், நுணுக்குக்காட்டியில் தட்டைப் பார்க்கத் தெரிந்த ஆளும், அதற்குப் பணம் ஒதுக்குகிற அரசாங்கமும் இருக்கும்வரைதான் அந்த நல்ல செய்தி.

எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மலேரியாவுக்கு எதிரான உடம்பின் பலம் திரும்பத்திரும்பக் கடிபட்டுப் பெறுவது. விட்டு விலகினால் சில வருஷங்களில் கரைந்துவிடும். நாங்கள் வன்னியில் வளர்ந்தவர்கள், எங்களை நுளம்பு என்ன செய்யும் என்று ஆபிரிக்காவுக்கோ இந்தியாவின் மலேரியாப் பகுதிகளுக்கோ மருந்தில்லாமல் போகிறவர்கள், தம் உடம்பு எப்போதோ மறந்துவிட்டதை அறியாதவர்கள். அங்கிருந்து நேரே ஊர் பார்க்க இறங்கி, மூன்று மணிக்கு நடுக்கம் வந்தால், தடிமன் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு படுக்கக்கூடாது. எங்கே போய் வந்தோம் என்று வைத்தியரிடம் சொல்லவேண்டும். வாசலில் நுளம்பு காத்திருக்கிறது. அதற்கு ஒரு நோயாளிதான் தேவை.

அடுத்தமுறை அந்தப் படிவம் கைக்கு வரும்போது 'ஆம்' என்றே எழுதுவோம். எந்த வருஷம் என்று கேட்டால், யோசித்துச் சரியாகச் சொல்வோம். 80,000 பேரைப் பற்றி நாங்கள் இன்று பேச முடிவதும் யாரோ ஒரு கிராமப் பதிவாளர் வருஷத்தையும் பெயரையும் எழுதிவைத்ததால்தான்.